கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள செல்வி,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

போனில் பேசினால் ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவே நின்றுகொண்டு, "சொல்லும்மா, சொல்லும்மா" என்கிறாய். எனக்குச் சொல்ல வேண்டியது அப்படி அரைகுறையாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நீ பார்க்கிற வேலையோடு சம்பந்தப்பட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இது உனக்கு ஸ்பீடு போஸ்டில் வரும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பத்தான் ஆசை. ஆனால் 2025இலிருந்து அது தனிச் சேவையாக இல்லை, ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் அதற்கு மேல்கட்டணம் கட்ட வேண்டும். ஓ.டி.பி. கேட்டுக் கொடுக்கிற முறையும் வந்திருக்கிறது. கடிதம் எங்கே போகிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், அது நல்ல விஷயம்தான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை ரிஜிஸ்டர் போட்டிருப்பேன்! வக்கீல் நோட்டீஸ், வேலை ஆர்டர், நகை ஏல நோட்டீஸ், கோபித்துக்கொண்டு போன மருமகளுக்கு மாமனார் எழுதியது, எல்லாமே அதில்தான் போகும். தபால்காரர் பெயரைக் கேட்டு, ஆளைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுப்பார். வாங்கியதற்கு அத்தாட்சியாக ஏ.டி. கார்டு திரும்பி வரும். அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் அனுப்பினேன், இன்னார் வாங்கினார், இன்னார் கொடுத்தார்" என்று கோர்ட்டில்கூடப் பேசலாம்.

அந்த "இன்னார்" என்கிற ஆள்தான் இப்போது எங்கேயுமே கண்ணில் படுவதில்லை. என் மனக்குறை இந்த ஒன்றுதான்.

மெஷின்மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பது உனக்கே தெரியும். எங்கள் ஆபீசில் கணக்குகளையெல்லாம் கம்ப்யூட்டரில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்தபோது முதலில் போய்க் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கு மாவுக்கடையில் நாற்பது ரூபாயை போனில்தான் கொடுக்கிறேன். கடைக்கார அண்ணாச்சிக்குப் பார்வை மங்கல். அவருடைய கவுண்டரில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்கிறது. முன்பெல்லாம் கிழிந்த நோட்டையும் செல்லாத காசையும் அவர் கையில் தள்ளிவிட்டுப் போவார்கள். இப்போது யாரும் அவரை ஏமாற்ற முடியாது. யு.பி.ஐ. 2016இல் வந்தபோது இது பட்டணத்துக்காரர்களுக்குத்தான் என்று நினைத்தவர்கள் நம் ஸ்ரீவைகுண்டம் பஜாருக்கு வந்து பார்க்கட்டும். கீரை விற்கிறவள் தட்டில்கூட ஸ்கேன் செய்கிற அந்தக் கட்டம் ஒட்டியிருக்கிறது.

அதே மாதிரி உயிர்ச்சான்று. பென்ஷன்காரர்கள் நவம்பர் மாதம் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்று மயங்கி விழுந்ததெல்லாம் ஒரு காலம். 2014இல், அந்தச் சான்றை டிஜிட்டலாகக் கொடுக்கிற ஜீவன் பிரமாண் வந்தது. இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுக்கிறார். போன தடவை கீழத்தெரு ஆச்சிக்கு நான்தான் துணைக்குப் போனேன். இளவயதில் பீடி சுற்றிய கை. எத்தனை தடவை அழுத்தினாலும் ரேகை விழவில்லை. தபால்காரத் தம்பி வெந்நீரில் விரலை நனைக்கச் சொன்னார், தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கச் சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போனில் முகத்தைக் காட்டும் முறைக்குப் போனார். அதில் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டச் சொன்னால் ஆச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, என்னைப் பாருங்க, நான் செய்யுற மாதிரி செய்யுங்க" என்று தானே சிமிட்டிக் காட்டினார். பச்சை விளக்கு வந்தது. மெஷின் நல்லதுதான். ஆனால் அந்தத் தம்பி இல்லாவிட்டால் அந்த மாதம் ஆச்சிக்குப் பென்ஷன் ஏது?

இதை ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்றால், நீ பணம் அனுப்புகிற ஆப்பில் ஸ்கிரீன் வடிவமைக்கிறவள். எங்களைப் போன்றவர்கள் எங்கே தட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறாய்.

அப்பாவின் கணக்கில் ஒரு பிடித்தம் போயிருந்தது. தொகை சின்னதுதான், எதற்கென்று தெரியவில்லை. வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்தேன். மொழிக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு, கார்டுக்கு மூன்று. பதினாறு இலக்க எண்ணை அடிக்கச் சொன்னது. அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. மறுபடி முதலிலிருந்து. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு பதிவுக் குரல் பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தது. ஆப்பில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லும் ஒரு பெட்டி வந்து, நான் கேட்காத நாலு கேள்வியைக் காட்டி அதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. என் கேள்வி அந்த நாலில் இல்லை. இல்லாதவர்கள் எங்கே போவது? கடைசியில் ஆட்டோ பிடித்துக் கிளைக்கே போனோம். அங்கே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கவுண்டரில் இருந்த காலத்திலேயே, கேட்டால் பதில் சொல்கிற இந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஓர் இடம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பம்பாயிலிருந்து மகன் அனுப்பிய பணத்தை வாங்கிக்கொண்ட கிழவி, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு மறுநாள் என் கவுண்டருக்கு வருவாள். "தாயி, என்ன எழுதியிருக்கான்?" என்பாள். பின்னால் பத்து பேர் நின்றாலும் வாசித்துக் காட்டுவேன். அது என் வேலை விதிகளில் இல்லை. ஆனால் பணம் வந்தும் சேதி போய்ச் சேரவில்லை என்றால் நான் அங்கே உட்கார்ந்திருந்து என்ன பயன்?

இப்போது கணக்கு வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பத்தாம் வகுப்பில் ஜாமெட்ரி சொல்லிக் கொடுத்தவர்தான். அவருக்கு ஒரு வீடியோ அழைப்பு வந்திருக்கிறது. போலீஸ் உடுப்பில் ஓர் ஆள், பின்னால் தேசியக்கொடி. உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மை வைத்து மும்பையில் குற்றம் நடந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டு ஆட்களிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறான். மனுஷன் ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பாத்ரூம் போகவும் அனுமதி கேட்டிருக்கிறார். காலையில் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு, லைனைத் துண்டிக்காமலே, வங்கிக்குப் போய் பிக்சட் டெபாசிட்டை உடைக்கச் சொல்லி நின்றார்.

கவுண்டரில் இருந்த பெண் உன்னைவிடச் சின்னவள். "சார், முதிர்வுக்கு இன்னும் நாலு மாசந்தானே இருக்கு, அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் வாய் திறக்கவில்லை, முகமெல்லாம் வேர்த்திருக்கிறது. அவள் எழுந்து வெளியே வந்து, அவர் பையிலிருந்த போனை எடுத்துக் கட் செய்துவிட்டாள். ஒரு பைசா போகவில்லை.

அவர் அன்று வங்கிக்குப் போகாமல் ஆப்பிலேயே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "உறுதியா?" என்று ஆப் கேட்டிருக்கும். "ஆம்" என்று தட்டியிருப்பார். வேர்த்த முகத்தை அது பார்த்திருக்காது. அந்தப் பெண்ணைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொன்னார். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதை நம் தெருவில் எல்லார் வீட்டு காலண்டரிலும் எழுதி வைத்துவிட்டேன். ஆனால் விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று எல்லாப் பாரத்தையும் எங்கள் தலையிலேயே வைக்கிறார்களே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரிசர்வ் வங்கி 2017இல் ஒரு விதி போட்டது. நம் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல், மூன்றாவது ஆளால் நமக்குத் தெரியாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நல்ல விதி. ஆனால் அதே விதிப்படி, நாமே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் வரைக்கும் போனது போனதுதான். கத்தி முனையில் பையைக் கொடுத்தவனிடம், நீயாகத்தானே கொடுத்தாய் என்று கேட்க முடியுமா? எழுபது வயதுக்காரனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் பயமுறுத்தி வாங்குவதும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. கிளைக்கு வராதே, எல்லாம் போனிலேயே செய் என்று தள்ளிவிட்டவர்கள் நஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தியிலும் இதே குறைதான். சின்ன வயதில் நம் வீட்டு ரேடியோ எப்படித் தொடங்கும்? "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி." முதலில் பெயர், அப்புறம் செய்தி. பத்து நிமிடத்தில் உலகமே வந்து போகும், ஒருவரும் கத்த மாட்டார்கள். 2022இல் அந்த அம்மா காலமானபோது, கூடப்பிறந்தவள் போன மாதிரி அழுதேன். இப்போது வாட்ஸ்அப் குழுவில் வருகிற எதற்கும் பெயர் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த ராத்திரி சிக்னல் போவதற்குக் கொஞ்சம் முன்னால் அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வந்தது. யார் குரல், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அதைக் கேட்டுப் பின்வீட்டார் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். அப்பாதான் மறித்து நம் மாடிக்கு ஏற்றினார். அந்தக் குரல்காரனை இன்றுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. நம் ஊர் ஸ்டேஷனில் சுமார் எண்ணூறு பேரோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கிக் கிடந்தபோது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். அது அவ்வளவு பெரிய செய்தி, ஆனால் டி.வி.யில் ரெண்டு நாள்தான் ஓடியது. விவாதத்துக்கு மட்டும் தினமும் ராத்திரி ஆறு பேர் வந்து ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். ரயிலில் மூத்தவர்களுக்கு இருந்த சலுகையை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் எடுத்தார்களே, அதைப் பற்றி அவர்களில் யாராவது ஒரு மணி நேரம் பேசினால் நான் உட்கார்ந்து பார்ப்பேன்.

சரி, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் ஆப்பில் உதவி என்கிற பட்டன் மூன்று ஸ்கிரீனுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. அதை முதல் ஸ்கிரீனுக்குக் கொண்டுவர முடியுமா? அதைத் தட்டினால் தமிழ் பேசுகிற ஓர் ஆள், தன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். ஓ.டி.பி.க்குக் கொடுக்கிற நேரத்தைக் கூட்டுங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடவே எங்களுக்கு அரை நிமிடம் ஆகிறது. வயதானவர் கணக்கிலிருந்து இதுவரை பழக்கமில்லாத கணக்குக்குப் பெரிய தொகை போகிறதென்றால், உடனே அனுப்பாமல் யாராவது கூப்பிட்டு, என்ன அவசரம் என்று கேளுங்கள். செலவு ஆகும் என்று உன் மேனேஜர் சொல்வார். வாத்தியார் கதையை அவரிடம் சொல். சொன்ன பிறகும் முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எனக்கு விவரமாக எழுது. போனில் வேண்டாம்.

பொங்கலுக்கு அப்பா அனுப்பிய பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்திருந்ததா? இந்தத் தடவை மூடியை மெழுகு வைத்து அடைத்து அனுப்புகிறேன். நீ வரும்போது அப்பா போனில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிற அந்தக் கடன் ஆப்பை எடுத்துவிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா