எண்ணெய் அளவு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த பத்து நாள்களாக நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் மரச்செக்கில் வாங்கிய ஒரு லிட்டர் கடலை எண்ணெயை, பாட்டிலின் எடையைக் கழித்துவிட்டு நிறுத்தபோது 912 கிராம்தான் இருந்தது என்றும், மீதி 88 கிராமை லிட்டருக்கு லிட்டர் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றும் அதன் கீழே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தராசில் குறையில்லை. அது காட்டிய எடை சரியானதே.

எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ நிற்கும் இடத்தில், அதே ஒரு லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ 910 முதல் 920 கிராம் வரைதான் நிற்கும். மளிகைக் கடையில் வாங்கும் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், ஒரு லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை ஒருவரும் படம் பிடித்து அனுப்பியதில்லை. ஒரு கிலோ நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 1,100 மில்லி ஊற்ற வேண்டும், அதற்கேற்ற விலையும் வாங்க வேண்டும். நாங்கள் ஊற்றும் லிட்டர் குவளையில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் காட்டிப் புதுப்பித்து வருகிறோம்.

படத்தை அனுப்பியவர் எங்களிடம் பல ஆண்டுகளாக வாங்கியவர் என்பதுதான் மனத்தை அதிகம் வருத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனதைப் பார்த்துவிட்டு, மெழுகு கலந்திருக்கிறோம் என்று ஒருவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அவரை உட்கார வைத்து, பாட்டிலைச் சற்று நேரம் வெயிலில் வைத்துக் காட்டினோம்; இன்றுவரை அவர் வீட்டுக்கு எண்ணெய் எங்களிடமிருந்துதான் போகிறது. கேட்டால் பதில் கிடைக்கும் என்று எண்ணிச் சண்டைக்கு வருபவர் எங்களை நம்புகிறவர் என்றே நாங்கள் கருதுகிறோம். ஒரு சொல்லும் கேட்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகு, யாரிடம் போய் எதை விளக்குவது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தப் படம் வந்த பிறகும் டின்னைக் கொடுத்துவிட்டு, ஊற்றுவதைப் பார்க்கக்கூட நிற்காமல் சந்தைக்குப் போய்த் திரும்பி எடுத்துச் செல்லும் தாய்மார்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். கையெழுத்தோ சாட்சியோ இல்லாத எங்கள் மாதக் கணக்கு நோட்டில், நாங்கள் எழுத மறந்த பாக்கியைத் தாமே நினைவூட்டிக் கொடுத்தவர்கள் உங்களில் பலர். அந்த நோட்டு தொடரும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 கோடையில் கிலோ 100 ரூபாயை ஒட்டி இருந்த கொப்பரை, 2025 நடுவில் 200 ரூபாயைத் தாண்டியதைக் காங்கேயம் பக்கம் தொடர்புள்ளவர்கள் அறிவார்கள். இயன்றவரை தாங்கிக்கொண்டோம், இனித் தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் லிட்டருக்கு 30 ரூபாய் கூடுகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் விலையில் மாற்றமில்லை.

செக்கைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மூத்த பணியாளர் உடல்நலம் கருதி ஊருக்குத் திரும்பிவிட்டதால், கூலிக்கு ஆட்டித் தரும் வேலையை இனிச் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்கள் மட்டுமே செய்ய இயலும். ஆள் இல்லாத அந்தச் சில வாரங்களில், ஐந்து கிலோவுக்கும் குறைவாகத் தந்த ஓரிருவருடைய பருப்பை ஒன்றாகச் சேர்த்து ஆட்டி, எடைப்படி எண்ணெயைப் பிரித்துத் தர நேர்ந்தது. இனி அப்படி நேராது. பத்து கிலோவுக்குக் குறையாமல் கொண்டுவந்தால் தனியாக ஆட்டி, பிண்ணாக்கோடு தந்துவிடுவோம்.

லிட்டர் குவளையையும் தராசையும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். ஐயம் உள்ளவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரையும் ஒரு லிட்டர் எண்ணெயையும் தாங்களே ஊற்றி நிறுத்துப் பார்க்கலாம். வாங்க வேண்டும் என்பதில்லை. படம் எடுத்தவருக்கும் இது பொருந்தும். அவருடைய டின் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்