28 சதுர மீட்டர் என்று சொல்லிக் கொடுத்த 17

பெறுநர்: ஹோட்டல் பொது மேலாளர் அவர்கள், டர்பன், தென்னாப்பிரிக்கா

பொருள்: டீலக்ஸ் அறையின் அளவு; 3 இரவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

கிளம்பும்போது இரண்டு நிமிஷம் பேசியதில், உங்கள் வீட்டிலும் தமிழ் புழங்குகிறது என்று தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் அச்சடித்து வைத்த மன்னிப்பு ஒன்றுதான் வரும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனைக் கும்பிட வேண்டும் என்று அம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயது 81, சக்கர நாற்காலி. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்தோம். டர்பனிலேயே சாட்ஸ்வர்த்தில் சித்தி வீடு இருந்தும், அம்மாவுக்கு நாற்காலி திரும்ப இடம் வேண்டுமே என்றுதான் உங்கள் ஹோட்டலில் இரட்டைக் கட்டில் அறை எடுத்தேன். சித்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு கதை.

இரவுக்கு 3,200 ராண்ட். உங்கள் இணையப் பக்கத்தில் அந்த அறை 28 சதுர மீட்டர் என்று இருக்கிறது.

நான் சமையலறை அலமாரி பொருத்துகிறவன், அளவு நாடா எப்போதும் காரில் கிடக்கும். அறையின் நீளம் 5.1 மீட்டர், அகலம் 3.4. குளியலறையையும் சேர்த்தே 17 சதுர மீட்டரும் கொஞ்சமும்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் 48 சென்டிமீட்டர். அம்மாவின் நாற்காலி 63. ஆகவே நாற்காலி மூன்று நாளும் கதவோரமே நின்றது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் கட்டில் மேல்தான்.

அப்புறம் அந்தக் கண்ணாடி. குளியலறைக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி வைத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் மகனும் தங்கும் அறையில் அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். அம்மா உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் நான் வராந்தாவில் போய் நின்றேன், விடிகாலை மூன்று மணிக்கும். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் நாள், அறை சுத்தம் செய்ய வந்த பெண்மணி தானாகவே ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். காலை உணவும் மெத்தையும் நன்றாகவே இருந்தன.

வரவேற்பில் கேட்டேன். முதலில் "28 வரை" என்றார்கள். நான் எடுத்து வைத்திருக்கும் பிரதியில் "வரை" என்ற சொல் கிடையாது. பிறகு, டீலக்ஸ் என்றால் கடல் தெரியும் அறை என்றார்கள். தெரிந்தது, இரண்டு கட்டடங்களின் இடுக்கில் ஒரு கீற்று. ஈஸ்டர் கூட்டம், மாற்றித் தர வேறு அறை இல்லை என்றார்கள். அதை நம்புகிறேன்.

நகரத்து நடுவில் நிலம் என்ன விலை என்று எனக்கும் தெரியும். சின்ன அறை கட்டுவது உங்கள் விருப்பம். சின்னது என்று சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 41, தவறான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. சேவையில் குறை இருந்தால் கட்டணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்க 54ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்களிடமே சாதாரண அறை 2,100 ராண்டுக்குக் கிடைக்கிறது. வித்தியாசம் 1,100, மூன்று இரவுக்கு 3,300 ராண்ட். அதைத்தான் கேட்கிறேன், ஒரு ராண்ட் கூடுதலாக இல்லை. இணையப் பக்கத்தில் அளவையும் திருத்துங்கள்.

முன்பதிவுப் பக்கத்தின் பிரதி, ரசீது, நாடாவோடு எடுத்த படங்கள் இணைத்திருக்கிறேன். 15 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே கட்டு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். பணத்தை நான் கட்டிய அட்டையிலேயே திருப்பிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
அறை 614இல் தங்கியவர்
லெனேசியா