கூகுளில் முதலிடத்துக்கு யாரும் கியாரண்டி தர முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம், நாங்கள் கியாரண்டி' என்று யாராவது சொன்னால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள் என்று உங்கள் வாசகர்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து என் இணையதளத்தின் பெயரைத் தட்டித் தேடினால்கூட அது வரவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று பக்கத்தின் நிரலைத் திறந்தால் மேலேயே 'நோஇண்டெக்ஸ்' என்று ஒரு வரி. 'இந்தப் பக்கத்தைச் சேர்க்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி அது. தளம் தயாராகும்போது போட்டது, அப்புறம் யாரும் எடுக்கவில்லை. கீழே போனால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே கீவேர்டு, அதாவது தேடுபவர் தட்டும் சொல், வரிசையாக நாற்பது தடவை! இப்படி ஒளித்து வைப்பதை ஸ்பாம் என்றுதான் கூகுள் சொல்கிறது, தளத்தையே பின்னுக்குத் தள்ளிவிடும்.

எஸ்இஓ, அதாவது தேடலில் நம் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை, அடிப்படையில் எளிமையான விஷயம். கிராலர் என்ற மென்பொருள் லிங்க் பிடித்து லிங்க் பிடித்துப் பக்கங்களுக்கு வருகிறது, படித்தது இண்டெக்ஸ் என்ற தேடுபொறியின் பட்டியலில் சேர்கிறது, நாம் தேடும்போது தேடுபொறி அந்த இண்டெக்ஸிலிருந்துதான் பொருத்தமானதை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அதில் சேராத பக்கத்துக்கு எத்தனை கீவேர்டு போட்டும் பயனில்லை.

வரிசைக்குப் பல அளவுகோல்கள் உண்டு. மற்ற தளங்கள் தரும் லிங்க்கை வைத்து ஒரு பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடும் பேஜ்ராங்க் முறையை, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் வெளியிட்டார்கள். உடனே லிங்க் விற்கவும் ஆள் வந்துவிட்டார்கள். 2012இல் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அப்படி லிங்க் வாங்கிய தளங்களைக் கூகுள் கீழே இறக்கியது. பக்கத்தின் நிரலில் கீவேர்டுகளைப் பட்டியலிடும் 'கீவேர்ட்ஸ் மெட்டா டேக்' வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே அறிவித்தும்விட்டது. அதற்கும் என்னிடம் தனியாகக் காசு வாங்கினார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள், இலவசம்தான். எந்தப் பக்கம் இண்டெக்ஸில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று அதுவே காட்டும். எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு வைக்காமல் உள்ளே இருப்பதைச் சொல்லும் தலைப்பாக வையுங்கள். தேடுபவர் தட்டும் சொற்களிலேயே எழுதுங்கள். பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அந்த வழிகாட்டியில் உள்ளதை எளிய தமிழில், வாரம் ஒரு பகுதியாக உங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்