இன்வேடர்ஸ் தெரியும், நிஷிகாடோ யாருங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த வீடியோ கேம் சிறப்புப் பக்கங்கள படிச்சேன், நல்லாவே இருந்துச்சு, மரியோவுக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கிருந்தீங்க, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா மேல இருந்து இறங்கி வர்ற ஏலியனுங்கள சுடற, காசு போட்டு விளையாடுற ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம் வர்ற இடத்துல "ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978இல் உருவாக்கியது"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, நிறுவனமா உக்காந்து கோட் எழுதுச்சு? டொமோஹிரோ நிஷிகாடோன்னு ஒருத்தர், 1944ல பொறந்தவர், கிட்டத்தட்ட தனி ஆளா செஞ்ச வேல அது. கேம் யோசிச்சது, படம் வரஞ்சது, ப்ரோக்ராம் எழுதுனது, அது ஓடுற சர்க்யூட் போர்ட டிசைன் பண்ணது எல்லாமே அவர்தான். அதெல்லாம் செய்றதுக்கு வேணுங்கற டூல்ஸ்கூட அப்ப கடையில கிடைக்காது, அதையும் அவரே பண்ணிக்கிட்டார். இப்ப ஒரு பெரிய கேம் முடிஞ்சதும் ஓடுற பேர் பட்டியல் முடியறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம், இவர் கேம்ல திரையில கம்பெனி பேர் இருந்துச்சு, இவர் பேர் இல்ல.

அதுக்கு முன்னாடியே அவர் சாதாரண ஆள் இல்ல. 1974ல ஸ்பீட் ரேஸ்னு கார் கேம், 1975ல வெஸ்டர்ன் கன்னு ரெண்டு கௌபாய் சுட்டுக்கற கேம், ரெண்டும் அவர் பண்ணதுதான். வெஸ்டர்ன் கன்ல மைக்ரோபிராசஸரே, அதாவது ப்ரோக்ராம ஓட்டுற சிப்பே கிடையாது, எல்லாம் சர்க்யூட்லயே கட்டுனது. அத அமெரிக்கால மிட்வே கம்பெனி வாங்கி இன்டெல் 8080 சிப் போட்டு கன் ஃபைட்னு மாத்தி விட்டாங்க. அதப் பாத்ததும், விளையாட நம்மதுதான் நல்லாருக்கு, ஆனா படமும் அசைவும் அவங்களோடது பிரமாதம்னு மனுஷனுக்குத் தோணிருக்கு. சரி இந்த சிப்ப நாமளும் கத்துக்குவோம்னு இறங்குனதோட பலன்தான் ஸ்பேஸ் இன்வேடர்ஸ்.

முதல்ல டாங்கி, விமானம் எல்லாம் வச்சுப் பாத்தார், அசைவு சரியா வரல. மனுஷங்கள வச்சா நல்லா வந்துச்சு, ஆனா மனுஷன சுடற மாதிரி கேம் வேண்டாம்னு கம்பெனி மேல இருந்து சொல்லிட்டாங்க. அப்புறம்தான் ஏலியன், அதுவும் ஆக்டோபஸ், நண்டு, கணவாய் மாதிரி உருவம். அதுவரைக்கும் நாம சுட்டா சும்மா நிக்கற டார்கெட்தான் பெரும்பாலும், இதுல அது திருப்பிச் சுடும், கீழ இறங்கிக்கிட்டே வரும்.

நான் இத எழுதறதுக்கு முக்கியமான காரணம் இனிமேல்தான். ஆட்டம் போகப் போக ஏலியனுங்க வேகம் எடுக்கும்ல, அத அவர் திட்டம் போட்டு வைக்கல. 8080 அந்த வேலைக்கு ரொம்ப மெதுவான சிப். படத்த ஒரு பக்கமா நகத்தணும்னா ஒரு தடவைக்கு ஒரு பிட், அதாவது ஒரு புள்ளி அளவுதான் தள்ளும், அதுக்குன்னே போர்டுல தனி சர்க்யூட் வைக்க வேண்டிருந்துச்சு, அப்படியும் பத்தல. திரை செகண்டுக்கு 60 தடவ மாறும், ஒவ்வொரு தடவையும் ப்ரோக்ராம் ஒரே ஒரு ஏலியனத்தான் நகத்தும். வரிசைக்கு 11, அஞ்சு வரிசை, மொத்தம் 55. அப்ப படை முழுசும் ஒரு அடி எடுத்து வைக்கவே கிட்டத்தட்ட ஒரு செகண்ட். கல்யாணப் பந்தில ஒத்த ஆள் சாம்பார் வாளியோட சுத்துற மாதிரி நெனச்சுக்கோங்க, எல கொறையக் கொறைய ஆள் நம்ம எலைக்கு சீக்கிரம் வந்துருவார்ல, அதே கதைதான். பாதி ஏலியன சுட்டுட்டா அரை செகண்ட், கடைசியா ஒண்ணே ஒண்ணு மிஞ்சுனா செகண்டுக்கு 60 தடவயும் அதே நகரும், கண்ணுல பிடிக்கவே முடியாது.

வேற யாராவது இருந்தா இது பக், அதாவது ப்ரோக்ராம்ல தப்புன்னு சொல்லி வேகத்த சமப்படுத்த ஒரு டிலே போட்டுருப்பாங்க, நானே தினமும் ஆபீஸ்ல அந்த வேலதான் பாக்கறேன். இவர் அத அப்படியே விட்டார். விட்டதோட இல்லாம, பின்னாடி டும் டும் டும் டும்னு நாலே நாலு சுரத்துல ஒரு சத்தம் சுத்திக்கிட்டே இருக்கும், அதையும் கூடவே வேகமாக்குனார். ஜெயிக்க ஜெயிக்க கஷ்டமாகுது, அதுல வர்ற பதட்டம்தான் ஆளுங்கள மறுபடி மறுபடி காசு போட வச்சுது. அவர் சிறப்பே இந்த ஒரு முடிவுலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன், மத்தவங்க வேற சொல்லலாம். இதுல வேடிக்க என்னன்னா அவரே தன் கேம்ல தேறமாட்டார், முதல் கட்டம் தாண்டறதே பாடுன்னு பேட்டில சொல்லிருக்கார்.

விளையாடுறவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஏலியன்கள கடைசி வரிசை வரைக்கும் இறங்க விட்டா அதுங்க குண்டு நம்ம மேல படாதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு நகோயா அட்டாக்னு பேரே வச்சிட்டாங்க. மேல போற பறக்கும் தட்ட 23வது குண்டுல அடிச்சா 300 பாயின்ட், அப்புறம் ஒவ்வொரு 15வது குண்டுக்கும் அதேதான், இதுக்காக குண்ட எண்ணி எண்ணி சுட்டவங்க உண்டு.

நீங்க அவ்ளோ பாராட்டுன, மரியோவ உருவாக்குன மியாமோட்டோவுக்கே வீடியோ கேம் மேல ஆச வந்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பாத்துதான்னு அவரே சொல்லிருக்கார். அப்படி இருக்கும்போது இவருக்கு ஒரு பக்கம்கூடவா கிடையாது? அதுக்குப் பதிலா, இந்த கேமால ஜப்பான்ல 100 யென் காசுக்கே தட்டுப்பாடு வந்துச்சுன்னு கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க, அந்தக் கதைக்கு உருப்படியான ஆதாரம் கிடையாதுங்க, எல்லாரும் எழுதறாங்கன்னு நாமளும் எழுதறதுதான்.

அதனால என் கோரிக்க ரெண்டுதான். அவரப் பத்தி தனியா ஒரு கட்டுரை வரணும், பேரோட. அப்புறம் படம் போடும்போது தயவுசெஞ்சு அந்தக் கலர் கலர் ஏலியன் வேண்டாம். ஒரிஜினல் மெஷின் கறுப்பு வெள்ள திரைதான், மேல ஒட்டுன கலர் பேப்பர்னாலதான் கீழ் பக்கம் பச்சையாத் தெரியும், ஏலியன் அங்க இறங்கி வந்தாத்தான் அதுவும் பச்ச.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
திருச்சி