வேலூர் வெயில் எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதம் முடிந்ததும் நாடு தழுவிய வானிலைக் கணக்கை வெளியிடுகிறீர்கள். 1901-க்குப் பிறகு மழை மிகக் குறைந்த ஆகஸ்ட் 2023-இல்தான், 36 சதவீதம் பற்றாக்குறை என்பதெல்லாம் அப்படித் தெரிந்துகொண்டதுதான். ஆனால் அதில் எங்கள் ஊரைத் தேடினால் கிடைப்பதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டை 36 உட்பிரிவுகளாக வைத்திருக்கிறது. கர்நாடகத்துக்கு மூன்று. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்த்து ஒன்றே ஒன்று. ஊட்டிக் குளிரும் வேலூர் வெயிலும் ஒரே சராசரியில்! காட்பாடியைத் தாண்டினால் வரும் சித்தூரோ ராயலசீமா கணக்கில்.

வெப்ப அலை விஷயம் இன்னும் வேடிக்கை. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடவும் வேண்டும்; இல்லையேல் 45-ஐத் தொட வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் இங்கே வழக்கமே கிட்டத்தட்ட 40 தானே? 42 அடித்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை. மண்டித் தெருவில் மூட்டை தூக்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மாவட்டவாரி மழை அளவைத் துறை தருகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் பெய்த மழையையும் வழக்கமான மழையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆர்வமாகப் படிப்போம்.

இன்னொன்று: தலைப்பில் 'வெயில் சதம்' என்று பாரன்ஹீட், உள்ளே செல்சியஸ். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.