டைப்பிங் கடை அம்மாவுக்கு என் நன்றி

நாடக நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று மாலை கடைசிக் கடிதமும் வந்து சேர்ந்தது. என் நாடகம் படமாவதற்கு இனி எந்தத் தடையும் இல்லை. அதன் உரிமை என்றைக்கும் தங்களுக்கே என்று ஒரு பழைய தயாரிப்பாளர் தரப்பு சொல்லிவந்ததால், புது இயக்குநர் ஒருவர் அதைப் படமாக்க முடியாமல் நின்றது உங்களுக்கே தெரியும், அதை மறுபடி விரிவாக எழுத மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை இன்னும் நடுங்குகிறது.

ஒரு பைசா வாங்காமல் உழைத்த வக்கீல் தம்பி, வேறு கதைக்குப் போய்விடாமல் காத்திருந்த இயக்குநர், பழைய நோட்டீசுகளைப் பரணிலிருந்து இறக்கித் தந்த குழு நண்பர்கள், ராத்திரி போன் போட்டு "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டு வைத்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், தம்புச் செட்டித் தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கும் அம்மா. பேர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அந்தப் பழைய தயாரிப்பாளருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் பாதி கையெழுத்துப் பிரதி, மை வேறு மங்கிவிட்டது. வக்கீலிடம் கொடுக்குமுன் தெளிவாக டைப் செய்து வாங்கத்தான் அங்கே போனேன். 2009ஆம் வருடக் கடிதம் வந்ததும் அவர் கை நின்றது.

"சார், உரிமை தர்றேன்னு இருக்கு. எத்தனை வருஷத்துக்குன்னு போடலையே?"

போடவில்லைதான். என்றைக்கும் தங்களுக்கே உரியது என்று எதிர்த்தரப்பு சொல்லிவந்தது, எங்கள் கவனமெல்லாம் நாடகத்தின் காட்சிகளை மாற்றுவது பற்றிய சண்டையிலேயே இருந்தது.

"வருஷம் போடாட்டி அஞ்சு வருஷம்தான் சார். எத்தனை பத்திரம் அடிச்சிருக்கேன். எதுக்கும் உங்க வக்கீலைக் கேட்டுக்குங்க."

சொல்லிவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தந்தார். அடுத்த ஆள் காத்திருந்தார், அம்மா அந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று ராத்திரியே வக்கீல் தம்பி 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து 19ஆவது பிரிவைப் படித்துக் காட்டினார். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம், எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். நீட்டித்து எழுதிய கடிதமும் கிடையாது. அப்படியென்றால் 2014லேயே என் நாடகம் என்னிடம் திரும்பிவிட்டது! அதற்கப்புறம் எதிர்த்தரப்புக்குப் போன ஒவ்வொரு கடிதமும் அந்தப் பென்சில் கோட்டின் மேல்தான் நின்றது. அந்த அம்மாவுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. பேசாமல் அடித்துக் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம்.

மேடையிலிருந்து திரைக்குப் போன நாடகங்களை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதற்கு மூலமான நாடகத்தை எழுதிய பாவலர் பாலசுந்தரம் பேரை எத்தனை பேர் சொல்வார்கள்? கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1981இல் பாலசந்தர் கையில் படமானபோது, கோமலின் பேரும் கூடவே நிலைத்தது. எனக்கு அதுதான் வேண்டும், பெரிய பணம் இல்லை. புது இயக்குநர் தன் முதல் கடிதத்திலேயே, "மேடையில் ஆள் வந்து சொல்லும் சாவை நான் காட்டலாமா, குரலாகவே விடட்டுமா?" என்று கேட்டிருந்தார். இப்படிக் கேட்கிற ஒருவரிடம் நாடகத்தை நம்பிக் கொடுக்கலாம். இன்று காலைதான் அவருக்குப் பதில் எழுதினேன்: குரலாகவே இருக்கட்டும்.

இனி நான் தரும் எந்த அனுமதிக் கடிதத்திலும் எத்தனை வருடம், எந்த ஊர்கள், எந்த மொழி என்பது இருக்கும். நாடகம் எழுதும் தம்பி தங்கைகளே, சினிமாவிலிருந்து கடிதம் வந்தால் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். வக்கீல் தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் நாடகக்காரன்