தோட்டத்துத் தொட்டிக்கட்டு வீட்டைக் கிணறு, கொறங்காட்டுடன் சேர்த்துப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கூட்டுப் பட்டாதாரர்களுள் ஒருவர், காங்கயம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பத்தின் கூட்டுப் பட்டாவில், ஐந்து தலைமுறையாகப் பண்ணையம் நடந்த, நடுவே திறந்த முற்றத்தை (தொட்டி) வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீடு ஒன்று உள்ளது. சென்ற ஆண்டு அதனைப் பார்வையிட வந்தவர்கள் முன்திண்ணையையும் தேக்குக் கதவையும் படமெடுத்துக்கொண்டு, களத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காமல் திரும்பிவிட்டனர். வீட்டை மட்டும் பார்த்தால் அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பது விளங்காது என்பதாலேயே இம்மனுவை அளிக்கிறேன்.

வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் அமர்ந்தால் களமும் மாடு கட்டும் கட்டுத்தரையும் ஒரே பார்வையில் தெரியும். நாட்டு ஓட்டுக் கூரையைப் பனைமரச் சட்டங்களான பனங்கைகள் தாங்குகின்றன; தொட்டியில் விழும் மழைநீர் கல் சலதாரை வழியே மாட்டுத் தாழிக்குப் போய்ச் சேருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள இம்மண்ணில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்றே கட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு மேற்கே, எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை அமைந்த கவலைக் கிணறு. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, பின்னர் மின்சாரம் மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கு வரும்வரை, காங்கயம் எருதுகள் வாரி என்னும் சரிவுப் பாதையில் இறங்கியும் ஏறியும் சால் சாலாக இறைத்த தண்ணீரில்தான் இங்கு வெள்ளாமை விளைந்தது. கிணற்றின் முகப்புக் கல்லில் கயிறு அறுத்த பள்ளத்தில் இன்றும் என் சுண்டுவிரல் முழுதாகப் புதைகிறது. பாறையை உடைத்து இக்கிணற்றைத் தோண்டிய பண்ணையாட்களின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. அவர்கள் உழைப்புக்கு எஞ்சியிருக்கும் சான்று இந்தக் கல் ஒன்றே.

அதற்கப்பால் கிளுவைச் செடி வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமான கொறங்காடு. மழைக்குப் பின் தழைக்கும் கொழுக்கட்டைப் புல்லும், நிழலோடு காயும் தரும் வெள்வேல மரங்களும்தான் எருதுகளை வளர்த்தன. கொறங்காடு இல்லையேல் எருது இல்லை. எருது இல்லையேல் கவலை இல்லை. கவலை இல்லாமல் இவ்வீட்டின் தானியக் குதிர்கள் நிறைந்திருக்கவும் முடியாது.

இப்போது கொறங்காட்டை மனையாகப் பிரிக்கத் தரகர்கள் வருகின்றனர். கவலையின் கற்தூண்களுக்கு விலை கேட்டும் ஆள் வந்துவிட்டது. ஆகவே, வீடு, களம், கட்டுத்தரை, கிணறு, கொறங்காடு அனைத்தையும் ஒரே வளாகமாகத் தொல்லியல் துறையினரைக் கொண்டு அளந்து வரைபடத்துடன் பதிவு செய்யவும், 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டத்தின்படி பரிசீலிக்கப் பரிந்துரைக்கவும், அதுவரை நிலத்தை மனைப்பிரிவாக்க அனுமதி வழங்காதிருக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். பங்காளிகள் மூவரில் என்னுடன் சேர்த்து இருவர் இதற்கு இசைந்துள்ளோம். மூன்றாமவரைத் தாங்கள் நேரில் அழைத்துப் பேசினால் அவரும் இசைவார் என நம்புகிறேன்.

இணைப்பு: பட்டா நகல், இசைவுக் கடிதம், கிணறு மற்றும் கொறங்காட்டின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்